வாய்க்கரிசிக்குக் கொண்டுபோன சாமை

கோகிலா மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் எங்கள் சங்கத்துக் கிடங்கில் சாமை மூட்டைகளைச் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்படித் தள்ளி அடுக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். போனில் பேசியது அவருடைய கணவர், லாரி ஓட்டுகிற சண்முகம் அண்ணன்.

"ஏனுங்க செக்ரட்டரி, உங்க மேடம் போயிட்டாளுங்க. காத்தால துணி காயப் போட்டுட்டு இருந்தவ, நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மலையில எல்லார்த்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அடடா, அடுத்த வாரம் மழைக்காலச் சோதனைக்கு இனி யார் மேலே ஏறி வருவார்கள் என்றுதான் தோன்றியது. ஒரு மனுஷி செத்துப்போன சேதி காதில் விழுகிறது, எனக்குக் கிடங்கு ஞாபகம் வருகிறது. அப்புறம்தான் மூட்டை மேல் உட்கார்ந்தேன், அப்புறம்தான் அழுகை வந்தது. சங்கத்து நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்று உங்களுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

அவரை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேடம் சமவெளியில் அரசாங்கத்துத் தானியச் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மலைக்கு வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் வீடு பிடித்துக்கொண்டார். மலைமேல் பல ஊர் சேர்ந்த வாழவந்தி நாட்டில் எங்கள் பெண்கள் சங்கம் சாமையும் தினையும் ராகியும் வாங்கி, குத்தி, அரைத்து, சத்துமாவு கட்டி விற்கிறது. நான் அதற்குச் செயலாளர். மழைக்காலம் வந்துவிட்டால் வாராவாரம் மேடம் பஸ்ஸிலிருந்து இறங்குவார். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு லென்ஸ், கறுப்புத் தாள், டிபன் பாக்ஸ். ஜன்னலோர சீட்டுக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் ஏறுவார். "இத்தனை கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்தா நீங்களா தொடைப்பீங்க?" என்பார். கண்டக்டர் எழுந்து இடம் விடுவார்.

அவர் முதல்முதலில் வந்த அன்று நடந்ததைப் பலபேர் மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. எங்கள் மலையில் ஒரு வீட்டைப் பார்த்து "அவங்க ஊட்டு மாவு ஊருது" என்று சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம் இல்லை. சுத்தமில்லாதவள், சோம்பேறி, சட்டி கழுவாதவள் என்று எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். அதனால் மாவு தானாக அசைந்து ஊர்ந்தால் வாய் திறக்க மாட்டோம். கோழிக்கோ பன்றிக்கோ கொட்டிவிட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருப்போம். அந்த வருடம் சங்கத்தில் மாவு சலிக்கிற எல்லோருக்கும் முழங்கைவரை அரிப்பு. கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். ஒருத்தி களை வெட்டும்போது செடி பட்டது என்றாள். இன்னொருத்தி புதுச் சோப்பு என்றாள். மாவு என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

மேடம் ஒன்றும் கேட்கவில்லை. கறுப்புத் தாளை மேசைமேல் விரித்து, டிரம்மிலிருந்து ஒரு கை மாவை அள்ளிக் கொட்டி, ஸ்கேலால் வழவழவென்று நீவிவிட்டார். "வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், நீவிவிட்ட மாவு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. காற்று இல்லை, கை படவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தோம். வெள்ளையாகப் பொடிப்பொடியாய் எட்டுக் காலோடு மொய்த்துக்கொண்டிருந்தன. மேடம் அதை மாவுப்பேன் என்று சொன்னார். வெறும் கண்ணுக்கு அது மாவாகவேதான் தெரியும்.

சங்கத்திலேயே வாய் நீளமானவர் பாப்பாத்தி அக்கா. அவர்தான் கேட்டார்: "இது யாரு அரைச்ச மாவு?" எல்லார் கண்ணும் ஒருத்தர் மேல் ஒருத்தர் போய் விழுந்தது. அப்போது மேடம் சொன்னதைத்தான் பின்னால் ஆயிரம் தரம் சொன்னார்: "யாருதுன்னு கேக்காதீங்க. எங்க வெச்சிருந்ததுன்னு கேளுங்க." சொல்லிவிட்டுத் தன் ரவிக்கைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார். செக்கச்செவேலென்று தடித்திருந்தது. "எனக்கும்தான் அரிக்குது. போன வருசம் எங்க ஊட்டு டப்பாவுலயே இருந்துச்சு. நான் இதையே படிச்சுட்டு இதுலயே வேலை பாக்கறவ. எங்க ஊட்லயே வருதுன்னா உங்க ஊட்ல வரக்கூடாதா?" என்றார். அதைக் கேட்டதும் ஒருத்தி தன் சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினாள். அப்புறம் எல்லோரும் காட்டினோம். அன்றைக்கு எங்கள் கைகளைப் பார்த்திருந்தால் ஏதோ தொற்றுநோய் என்று ஊரே ஓடியிருக்கும்.

பேன் என்று தெரிந்ததும் நாங்கள் அதைக் கொல்ல இறங்கினோம். சலித்தோம். வெயில் காட்டினோம், இந்த மலையில் வெயில் வருவதே அபூர்வம், வந்த அன்றைக்கெல்லாம் காட்டினோம். வேப்பிலை போட்டோம். குறையும், மறுபடி வரும். மேடம் எங்கள் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், எனக்குக் கோபமாக வந்தது. "சிரிக்காம வழி சொல்லுங்க மேடம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "சொன்னா நம்ப மாட்டீங்க செக்ரட்டரி. காட்டறேன்" என்றார்.

ஒரு தட்டின் ஒரு ஓரத்தில் நல்ல மாவைக் கொஞ்சம் வைத்தார். இன்னொரு ஓரத்தில் பூசணம் பூத்த மாவுக்கட்டி ஒன்றை வைத்தார். நடுவில் பேன்களை விட்டு மூடிவிட்டார். மறுநாள் திறந்து லென்ஸில் பார்த்தால் நல்ல மாவுப் பக்கம் ஏதோ ஒன்றிரண்டு நடமாட்டம், பூசணக் கட்டியில் தேர்க்கூட்டம். "பாத்தீங்களா? இது மாவு திங்கறதுக்கு வரலீங்க. பூசணம் திங்க வருது. பூசணம் ஈரத்துக்கு வருது. நீங்க பேனைக் கொன்னா பூசணம் அங்கயேதான் இருக்கும். நாளைக்கு வேற பேன் வரும்" என்றார். பாப்பாத்தி அக்கா விடவில்லை. "அப்ப பேன் நல்லதுங்களா மேடம்? பூசணத்தைத் தின்னு தீத்துப்போடுமே?" என்று கேட்டார். மேடத்துக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. "தீக்காதுங்கக்கா. திங்கும்போதே அதோட வெதையை மேலெல்லாம் பூசிக்கும். அடுத்த மூட்டைக்குப் போய் அங்கயும் தூவும். அதுவும் உங்களாட்டம் வெள்ளாமை பண்ணுது. ஒரு காடு தீந்தா அடுத்த காடு" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அரவை ஆலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் மூட்டைகளைச் சுவரைவிட்டு நகர்த்தினோம். அடியில் பலகை போட்டோம். வறுத்த தானியம் முழுக்க ஆறுகிறவரை பையில் கட்டக்கூடாது என்று விதி வைத்தோம், சூட்டோடு கட்டினால் பைக்குள்ளேயே வியர்த்துப்போகும். ஈரம் இழுக்கிற மரவள்ளிச் சில்லுகளை மாவு அறையிலிருந்து தள்ளி வேறு கொட்டகைக்கு மாற்றினோம். அரிப்பு போயிற்று. சொல்லப்போனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள் எங்களுக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தோடு ஒருநாள் இரண்டு டிரம்மை அவர் முன்னால் வைத்தோம். ஒன்றில் கொஞ்சம் பேன் இருந்தது. இன்னொன்றில் அறவே இல்லை. நீவிவிட்டுப் பார்த்தோம், மாவு அசையவே இல்லை. மேடமும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சுத்தம். பால்வாடிக்கு இதையே அனுப்புங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு மதிய பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார். நாங்கள் மாவைப் பையில் கட்ட ஆரம்பித்தோம். சாயங்கால பஸ் வந்தபோது நல்ல மழை. மேடம் தொப்பலாக நனைந்து இறங்கி ஓடி வந்தார். டிரம்மைத் தன் கையாலேயே அடிவரை தோண்டினார். அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் திரண்டு கட்டியாக இருந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, நனைந்த தலையோடு, எல்லார் முன்னாலும் சொன்னார். "பேன் இல்லைன்னதும் சுத்தம்னு நெனச்சுப்போட்டேன். பாதி வழி எறங்கினப்பறந்தான் ஒறைச்சுது, பக்கத்து டிரம்முல இருக்கற பேன் இதுல ஏன் ஏறலைன்னு. சில பூசணம் பேனுக்கு விருந்துங்க. சில பூசணம் பேனுக்கே ஆகாது. பேனே கிட்ட வராத பூசணத்தைக் கொழந்தைங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன் நான்." கட்டிய பைகளை எல்லாம் அவிழ்த்துக் குழி தோண்டிப் புதைத்தோம். அவருக்கு முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

எனக்கு அப்போது மனம் கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கு மேடம் மழையில ஓடி வந்தீங்க? எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே தோண்டிப் பாத்து எடுத்துப்போட்டிருப்பேன். உங்க பேரு கெட்டிருக்காதே" என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. "நல்லாருக்குன்னு சொன்னது எல்லார் முன்னாலயும். தப்புன்னு சொல்றதை மட்டும் உங்ககிட்ட ரகசியமா சொல்றதா?" என்று கேட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில்தான் தங்கினார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டும் பூசணத்தைப் பற்றியே பேசினார். "சோறு திங்கறப்பவாவது அதை விடுங்க மேடம்" என்று கும்பிட்டுக் கேட்டேன். "எங்க ஊட்டுக்காரரும் இதேதான் சொல்றாரு. ஆனா இத்தனை வருசத்துல அவருக்கும் முக்காவாசி தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தார்.

இனி அவர் வீட்டுக்கு நாங்கள் போனதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் செத்தவருக்கு அவரவர் காட்டில் விளைந்ததைத்தான் வாய்க்கரிசியாக இடுவோம். கடையரிசி இட்டால் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் என்று ஆகிவிடும். மேடத்துக்கு நம் மலைச் சாமையைத்தான் இட வேண்டும் என்று பாப்பாத்தி அக்கா சொன்னார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. இருப்பதிலேயே உசத்தியானதாக எடுக்க வேண்டும் என்று நான் முன்னறைக்குப் போனேன். அங்கே இருக்கிற கண்ணாடி அலமாரியை உங்களுக்குத் தெரியும். பெரிய அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக, நல்ல நிறமாக, ஒரே சீராக இருக்கிற சாமையைப் பொறுக்கியெடுத்துப் பளபளக்கும் பையில் கட்டி அதில் வைத்திருப்போம். மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜீப்பில் கூட்டமாக மலையிறங்கினோம்.

முள்ளுக்குறிச்சியில் மழை தூறிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி அக்காவும் மற்றவர்களும் பந்தலடியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தபோது சொந்தக்காரப் பெண்கள் வரிசையாகப் போனார்கள். சண்முகம் அண்ணன் எழுந்து, "மலையில இருந்து வந்தவங்களையும் போடச் சொல்லுங்க. அவளுக்கு அவங்களும் சொந்தந்தான்" என்றார். சங்கத்தின் சார்பில் நான் உள்ளே போனேன். மேடத்தின் தலைமாட்டில் நின்று பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, இடது உள்ளங்கையில் சாமையைச் சாய்த்தேன்.

மணியாக விழவில்லை. கட்டியாக விழுந்தது. நனைந்த சாக்கை முகர்ந்த மாதிரி ஒரு வாடை அடித்தது. கட்டியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்து உள்ளங்கையில் பரவியது. அந்தப் பொடி நகர்ந்தது.

ஐயோ சாமி. கண் மூடிக் கிடக்கிறார் மனுஷி. வாழ்நாள் முழுக்க எதைத் தேடித்தேடிக் காட்டினாரோ, அதை அள்ளிக்கொண்டு போய் அவர் வாயருகே நிற்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கையை இறுக்கி மூடினேன். முந்தானையை இழுத்துக் கையையும் பொட்டலத்தையும் போர்த்தினேன். பக்கத்திலிருந்த பெண் நீட்டிய தட்டிலிருந்து அந்த வீட்டு அரிசியை வலக்கையால் எடுத்து மேடத்தின் வாயில் இட்டுவிட்டு, கும்பிடக்கூடக் கை வராமல் வெளியேறிக் கொல்லைப்புறம் போனேன். அவர் முதல்நாள் வந்தபோது முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு நின்றோமே, அதையேதான் திரும்பவும் செய்தேன். அதுவும் அவர் முன்னாலேயே செய்தேன்.

தொட்டியடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது சண்முகம் அண்ணன் வந்தார்.

"முந்தானைக்குள்ள என்னுங்க?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

அவர் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்து முகர்ந்தார். ஒரு சிட்டிகையைத் தொட்டி விளிம்பில் வைத்து விரலால் நீவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் திருநீறு, தோளில் ஈரத் துண்டு. வீட்டுக்குள் பொண்டாட்டி பிணமாகக் கிடக்கிறாள். மனிதர் ஒரு சிட்டிகைச் சாமையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பேன் இருக்குது. அப்ப பூசணம் அதுக்கு முன்னாடியே வந்திருக்கோணும்" என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. செத்த வீட்டுக்குக் கொண்டுவர இதுதான் கிடைத்ததா என்று காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

மேடம் கேட்கிற அதே கேள்வி. கேட்கிற விதம்கூட அதேதான், குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடி அலமாரியில், மேல்தட்டில், சுவரோர மூலையில். ஆனால் அதைச் சொன்னால் வேறு ஒன்றையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகும். கிடங்கில் இருக்கிற ஒவ்வொரு மூட்டையையும் மழைக்காலத்தில் தோண்டித் தோண்டிப் பார்க்கிற நாங்கள், ஊருக்குக் காட்டுவதற்கென்று வைத்ததை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது அழகாக இருந்தது, அதனால் சுத்தம் என்று நினைத்தோம். "தெரியலீங்கண்ணா" என்றேன். பொய் சொன்னேன்.

அவர் பொட்டலத்தின் வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "தூக்கிப் போட்டுறாதீங்க. எங்கன்னு பாத்துட்டு ஒரு போன் போடுங்க. அவ இருந்தா அதைத் தெரிஞ்சுக்காம சோறு திங்க மாட்டா."

திரும்பி வரும்போது ஜீப்பில் பாப்பாத்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் நம்ம காட்டுச் சாமை மேடம் வாயில விழுந்துச்சு. அது போதும்" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பேச்சு மலையின் இன்னொரு பக்கம் ஆலத்தூர் நாடு வரைக்கும் பரவிவிட்டது. சந்தையில் முகம் தெரியாத ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணீங்க தாயி" என்றார். கட்டி விழுந்த அந்தக் கையைத்தான் பிடித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தும் சிரித்துவிட்டு வந்தேன். இந்த மலருக்காக நான் முதலில் எழுதிய கட்டுரையிலும் அந்த வரி இருந்தது. மலையின் சாமையோடு மேடத்தை வழியனுப்பினோம் என்று நன்றாகவே எழுதியிருந்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எழுதினேன் என்று இப்போது தெரியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் சண்முகம் அண்ணன் போன் செய்தார். காரியம் நல்லபடியாக முடிந்தது, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டோம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அந்தப் பொட்டலம் எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "பாருங்க. எனக்கு அதேதான் நெனப்பா இருக்குது" என்றார்.

அன்றே முன்னறைக்குப் போய் அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். தனியாக நகர்த்த முடியாத கனம், ஆனால் ஆள் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாம் எல்லோரும் கை கழுவுகிற குழாய். குழாயிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் சுவருக்குள் இறங்கி, அலமாரியின் பின்பலகையை நனைத்து, மேல்தட்டு மூலைவரை ஏறியிருக்கிறது. பளபளப்புப் பைகளில் பெயர்ச் சீட்டை ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்டியிருந்தோம் அல்லவா, அந்தப் பின் குத்திய ஓட்டைகள் வழியாகத்தான் ஈரமும் பேனும் உள்ளே போயிருக்கின்றன. ஓட்டையைச் சுற்றிப் பூசணம் வட்டமாகப் படர்ந்திருந்தது. அதே தட்டில் இருந்த மற்றப் பொட்டலங்களும் அப்படித்தான் இருந்தன.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணாடி அலமாரியில், மேல்தட்டில், சுவரோர மூலையில் என்றேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. "ஏனுங்க, கொழாயைப் போயி எதுக்குங்க அந்தச் செவுத்துல வெச்சீங்க?" என்று கேட்டார். மேடம் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பார். கேட்டு முடித்ததும் அண்ணன் குரல் உடைந்துவிட்டது. செத்த வீட்டில் அழாத மனிதர், போனில் அழுதார். நானும் அந்தக் கறுத்த சுவர் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

பாப்பாத்தி அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவர் என்னை நாலு திட்டு திட்டிவிட்டு விஷயத்தை மூடி வைத்திருப்பார். ஆனால் சாமை இட்டோம் என்கிற பேச்சு எல்லார் முன்னாலும் நடந்தது. அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். கோகிலா மேடத்தின் வாயில் விழுந்தது நம் மலைச் சாமை இல்லை. அவர் வீட்டில் இருந்த ரேஷன் அரிசி. நாம் கொண்டுபோனது வாயில் இடுகிற நிலையில் இல்லை.

எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இதை அச்சில் பார்க்கும்போது இன்னும் கூடும். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொட்டலமும் அந்தக் கேள்வியும்தான். வேறு எதையும் நான் சம்பாதித்துக்கொள்ளவில்லை. அவர் படத்தைக் கண்ணாடி அலமாரிக்கு மேலே மாட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். குழாயை இடம் மாற்றிச் சுவர் காய்கிறவரை வேண்டாம். அந்தச் சுவரில் அவரையும் பூசணம் பிடித்துவிடும்.

பொட்டலத்தை நான் தூக்கிப் போடவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக்க மூடி, கிடங்கிலிருந்து தள்ளிக் கூட்ட அறை மேசைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு லென்ஸும் வாங்கி வைத்திருக்கிறேன். அலமாரியை நகர்த்தியபடியே விட்டிருக்கிறேன். எல்லோரும் வந்து பாருங்கள்.